நினைவுப் பாப்பி

நினைவுப் பாப்பி என்பது போரில் உயிரிழந்த படைவீரர்களை நினைவுகூர்வதற்காக, பிரித்தானியாவிலும் பொதுநலவாய நாடுகள் சிலவற்றிலும் நவம்பர் மாதத்தில் சட்டையில் குத்திக்கொள்ளப்படும் சிவப்புச் செயற்கைப் பூ ஆகும். முதலாம் உலகப் போர் ஓய்ந்த நவம்பர் 11 ஐ ஒட்டி இது அணியப்படுகிறது. இறந்தவர்களின் அடையாளமாகவே பொதுவாக அறியப்பட்டாலும், பிரித்தானியாவில் இந்தப் பூ எப்படி அமைய வேண்டும் என்பதைத் தீர்மானித்தது உயிரோடு திரும்பியவர்களின் நிலைதான். கையோ காலோ இழந்து, வேலை கிடைக்காமல் இருந்தவர்களுக்காகவே அதன் வடிவம் எளிமையாக்கப்பட்டது.

தோற்றம்

சமையலுக்குக் கசகசாவைத் தரும் செடியின் நெருங்கிய உறவான வயல் பாப்பி, கிளறிய மண்ணில் முளைப்பது. அதன் விதைகள் பல ஆண்டுகள் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து, வெளிச்சம் படும்போது முளைவிடும். பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் எறிகணைகளும் பதுங்குகுழிகளும் மண்ணைப் புரட்டிப் போட்டதால், புதைகுழிகளைச் சுற்றி இப்பூ ஏராளமாகப் பூத்தது. கனடிய இராணுவ மருத்துவர் ஜோன் மெக்ரே 1915 இல் எழுதிய கவிதை ஒன்று அதைப் பரவலாக அறியச் செய்தது. அதைப் படித்த அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேல் 1918 இல் பாப்பியை அணியத் தொடங்கினார். பூவை விற்று நிதி திரட்டும் யோசனையைப் பல நாடுகளுக்கும் கொண்டுசென்றவர் அன்னா கெரான் என்ற பிரெஞ்சுப் பெண்.

1921 மே மாதம் உருவான முன்னாள் படைவீரர் அமைப்பான பிரித்தானிய லீஜியன், அதே ஆண்டு நவம்பரில் முதல் பாப்பி நாளை நடத்தியது. தருவிக்கப்பட்ட 90 லட்சம் பூக்களும் விற்றுத் தீர்ந்தன. 1,06,000 பவுணுக்கு மேல் சேர்ந்தது.

ஒரு கையால் செய்யக்கூடிய பூ

அந்தப் போரில் 41,000 க்கும் அதிகமான பிரித்தானிய வீரர்கள் ஓர் உறுப்பையேனும் இழந்தனர். மாற்றுத்திறனாளிகளான முன்னாள் வீரர்களுக்கு வேலை கொடுக்குமாறு 1919 இல் அரசு முதலாளிகளைக் கேட்டுக்கொண்டது. அது வேண்டுகோள் மட்டுமே, கட்டாயம் அன்று. குறிப்பிட்ட விகிதத்தில் அவர்களை வேலைக்கு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் 1944 இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தின் நிலைமைக்கு ஒரு காட்சி போதும்: 1920களின் தொடக்கத்தில் இலண்டன் போர் நினைவுச் சின்னத்தின் முன் அணிவகுத்த வேலையற்ற முன்னாள் வீரர்கள் சிலர், பதக்கங்களோடு அடகுச் சீட்டுகளையும் சட்டையில் குத்தியிருந்தனர்.

மேஜர் ஜோர்ஜ் ஹோசன் 1922 இல் ஐந்து முன்னாள் வீரர்களுடன் இலண்டன் ஓல்ட் கென்ட் வீதியில் ஒரு பட்டறையைத் திறந்தார். ஐவரும் உடற்குறை உடையவர்கள். இது பெரிய வெற்றி பெறும் என்று தோன்றவில்லை, ஆனாலும் முயன்று பார்க்கலாம் என்ற பொருளில் அவர் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். பத்து ஆண்டுகளில் அங்கு வேலை செய்வோர் 350 க்கு மேல் ஆனார்கள். இடம் போதாமல் பட்டறை ரிச்மண்டுக்கு மாறியது.

ஒரு கை மட்டும் உள்ளவரும் பொருத்தக்கூடியவாறு ஹோசன் பூவை வடிவமைத்தார். இரண்டு இதழ், ஒரு குமிழ், ஒரு தண்டு, அவ்வளவே. வேலைக்கு ஏற்ற ஆளைத் தேடாமல், ஆளுக்கு ஏற்றபடி வேலையை மாற்றினார். மாற்றுத்திறனாளிகளைப் பணியில் சேர்ப்பது பற்றி இன்று சொல்லப்படும் அடிப்படைக் கருத்து, அதற்குப் பெயர் வைக்கப்படும் முன்பே இந்தக் காகிதப் பூவில் இருந்தது எனலாம்.

ஸ்கொட்லாந்தில் 1926 இல் எடின்பரோ நகரில் ஹேக் சீமாட்டி தனியாக ஒரு பட்டறை தொடங்கினார். அங்கு செய்யப்படும் பூவுக்கு நான்கு இதழ்கள், இலை இல்லை. எந்தப் பூ சரியானது என்ற செல்லச் சண்டை இரு பகுதியினரிடையே இன்றும் உண்டு. ரிச்மண்ட் நிறுவனம் பிற்காலத்தில், முன்னாள் வீரர்களுக்கு வெளி நிறுவனங்களில் வேலை தேடிக்கொடுப்பதைத் தன் முக்கியப் பணியாக்கிக்கொண்டது.

வழிபாடும் நினைவும்

இரண்டு நிமிட மௌனம் 1919 இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவின் முக்கிய நிகழ்வு நவம்பரின் இரண்டாம் ஞாயிறுக்கு மாறியது. அன்று ஊர்த் தேவாலயங்களில் வழிபாடு நடக்கும். ஊரின் போர் நினைவுக்கல்லின் முன் பெயர்கள் வாசிக்கப்படும், பாப்பி வளையங்கள் வைக்கப்படும். அந்தக் கல்லில் பெரும்பாலும் இறந்தவர்களின் பெயர்களே இருக்கும். ஒரு காலோடு முப்பது ஆண்டு அதே ஊரில் வாழ்ந்தவருக்கு அதில் இடமில்லை. ஆனால் அவரைப் போன்றவர் செய்த பூ கூட்டத்தில் எல்லோர் சட்டையிலும் இருந்தது.

1928 இல் ஹோசனும் பட்டறைத் தொழிலாளர்களும் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயப் புல்வெளியில் சிறிய அளவில் தொடங்கியதே நினைவுத் திடல். பாப்பி பதித்த சிறு மரச் சிலுவைகளை மக்கள் அங்கு நடுவார்கள். இன்று சிலுவையுடன் யூதர், முஸ்லிம், இந்து, சீக்கியருக்குரிய சின்னங்களும், மத நம்பிக்கை இல்லாதவர்களுக்கான அடையாளமும் அங்கு நடப்படுகின்றன. முதலாம் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் பணியாற்றியதை நினைத்தால், இது தாமதமாக வந்த சேர்க்கை என்றே சொல்ல வேண்டும்.

இலங்கையும் சூரியமல்லும்

பிரித்தானிய ஆட்சியில் இருந்த இலங்கையிலும் பாப்பி நாள் நடந்தது. திரண்ட பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போகிறது, போரில் பணியாற்றிய இலங்கையருக்குக் கிடைப்பது சொற்பம் என்ற மனக்குறை எழுந்தது. 1931 இல் ஏலியன் பெரேரா என்ற முன்னாள் படைவீரர், உள்ளூர் வீரர்களுக்கு நிதி திரட்ட அதே நாளில் சூரியமல் விற்கும் இயக்கத்தைத் தொடங்கினார். சூரியமல் என்பது நம் பூவரசம் பூ.

1933 இல் இளைஞர் அமைப்பினர் அதைக் கையில் எடுத்து, ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக மாற்றினர். ஆங்கிலேயப் பெண்ணான டோரீன் யங், பின்னாளில் டோரீன் விக்கிரமசிங்க, அதன் தலைவரானார். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது இவ்வியக்கத்தினர் கிராமங்களில் நிவாரண வேலை செய்தனர். அவர்களில் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியோரிடையே இருந்தனர். இயக்கத்தின் வரலாறு பெரும்பாலும் கட்சியின் முன்கதையாகவே சொல்லப்படுகிறது. அது யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அந்த இலங்கை முன்னாள் வீரர்கள், அந்தக் கதையின் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள்.