ஒரே கோடையில் மூன்று சதம்

செசில் ஹாலிடே ஆபர்குரோம்பி 1886 ஏப்ரல் 12 அன்று பிகாரின் முசாஃபர்பூரில் பிறந்தார். படித்ததும் வளர்ந்ததும் இங்கிலாந்தில். பிரிட்டிஷ் கடற்படையில் லெப்டினென்ட் ஆனார். ஸ்காட்லாந்து ரக்பி அணியில் ஆடினார். ஹாம்ப்ஷயர் கவுண்டிக்காக முதல்தர கிரிக்கெட்டும் ஆடினார்.

முதல்தர ஆட்டம் என்பது குறைந்தது மூன்று நாளுக்குத் திட்டமிடப்படுவது. இரு அணிகளும் தலா இரண்டு இன்னிங்ஸ் ஆடலாம். நம் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்கள் இந்த வகைதான். கடற்படைக்காரருக்கு இடைஞ்சலாக இருந்ததும் அந்த நாள்கணக்குதான். ஒரு பிற்பகலுக்கு அனுமதி வாங்கிவிடலாம். கோடை முழுக்க வாரந்தோறும் மூன்று நாள் வேண்டுமென்றால், கப்பல் துறைமுகத்தில் நிற்க வேண்டும், அல்லது அதிகாரிக்குக் கரையில் பணி அமைய வேண்டும். பெரிய கடற்படைத் தளமான போர்ட்ஸ்மத் ஹாம்ப்ஷயரில் இருந்ததால், அந்த அணிக்குக் கடற்படை அதிகாரிகள் அவ்வப்போது கிடைத்தார்கள். அவர்கள் சம்பளம் வாங்காத அமெச்சூர்கள்.

1912இல் லார்ட்ஸ் மைதானத்தில் தரைப்படைக்கு எதிராகச் சதம் அடித்த ஆபர்குரோம்பிக்கு, மறு ஆண்டு ஹாம்ப்ஷயர் அணியில் இடம் கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 126. பிறகு வூஸ்டர்ஷயருக்கு எதிராக 144. லெய்டனில் எசெக்ஸுக்கு எதிராக 165. இந்த லெய்டன் ஆட்டம்தான் அவர் பெயரை இன்றும் பதிவேட்டில் வைத்திருக்கிறது. அவரும் ஜார்ஜ் பிரவுனும் ஏழாவது விக்கெட்டுக்குச் சேர்ந்து 325 ரன் குவித்தார்கள். முன்வரிசை மட்டையாளர்கள் போன பிறகு எடுத்த ரன் என்பதை நினைத்தால்தான் அதன் அருமை புரியும். ஏழாவது விக்கெட்டுக்கு ஹாம்ப்ஷயரின் உச்சம் அதுவே. அந்தப் பருவத்தில் அவர் எடுத்த மொத்தம் 936 ரன், சராசரி 35.92. முழுநேர ஆட்டக்காரரே பெருமைப்படக்கூடிய கணக்கு.

கவுண்டிக்காக அவர் ஆடிய பருவம் அது ஒன்றுதான். 1914இல் போர் தொடங்கியது. 1916 மே 31 அன்று ஜட்லாந்து கடற்போரில், அவர் பணியாற்றிய கவசக் கப்பல் டிஃபென்ஸ், ஜெர்மானியப் பெருங்கப்பல்களின் குண்டுக்கு இலக்காகி வெடித்து மூழ்கியது. கப்பலில் இருந்த சுமார் 900 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஆபர்குரோம்பிக்கு அப்போது வயது 30.

அதே கவுண்டிக்கு 1936இல் வந்த ஜான் மேனர்ஸின் வாழ்க்கை வேறு விதம். கடற்படை அட்மிரலின் மகன். குளோஸ்டர்ஷயருக்கு எதிரான அறிமுக ஆட்டத்தில் 81 எடுத்தார். ஆனால் அவருக்கு வாய்த்தவை 21 முதல்தர ஆட்டங்களே. பணியும் போரும் மீதியை விழுங்கின. 1945 ஏப்ரலில் அவர் தலைமையேற்றிருந்த வைசராய் என்ற போர்க்கப்பல், யூ-1274 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியை மூழ்கடித்தது. அதற்காக வீரப்பதக்கம் பெற்றார். நீர்மூழ்கியிலிருந்து பிராந்திப் புட்டிகளும் மேலே வந்தன. சில சர்ச்சிலுக்குப் போய்ச் சேர்ந்தன. போர் முடிந்து 1947இல் கேன்டர்பரியில் கென்ட்டுக்கு எதிராக அவர் அடித்தது 121. ஓய்வுக்குப் பின் கிராமக் கைவினைஞர்களைப் படமெடுத்துப் புத்தகங்கள் வெளியிட்டார். 2018இல், அதுவரை வாழ்ந்த முதல்தர ஆட்டக்காரர்களிலேயே மிக அதிக வயது கண்டவர் ஆனார். 2020 மார்ச்சில் 105ஆம் வயதில் காலமானார்.

இந்தியாவில் கடற்படைக்கெனத் தனி ரஞ்சி அணி இல்லை. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் சேர்த்து சர்வீசஸ் என்ற ஒரே அணி. 1956-57, 1957-58 என அடுத்தடுத்த இரு பருவங்களில் அது இறுதியாட்டம் வரை சென்று, முதலில் பம்பாயிடமும் பிறகு பரோடாவிடமும் தோற்றது. அந்தமானுக்கு ரஞ்சி அணியே கிடையாது. போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில் பந்து வீசிப் பழகும் இளைஞர் முதல்தர கிரிக்கெட்டை எட்ட வேண்டுமானால், தாய்நிலத்து மாநில அணி ஒன்றில் இடம் பிடிக்க வேண்டும். இல்லையேல் படையில் சேர்ந்து சர்வீசஸ் அணித் தேர்வுக்குப் போக வேண்டும்.