கேட்போரை மதித்த இசைவாணர்

அரிய கலையைக் கற்றவர் பலர். கல்லாதாரும் அதன் சுவையை உணரும்படி எடுத்துரைத்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவர், அமெரிக்க நாட்டுச் சாக்சபோன் இசைவாணர் கேனன்பால் ஆடர்லி.

சாக்சபோன் பித்தளையால் ஆயது. எனினும், அதன் ஊதுவாயில் பொருத்திய மெல்லிய நாணல் தகடு அதிர்தலாலேயே ஒலி பிறக்கின்றது. பெல்ஜிய நாட்டினரான அடால்ப் சாக்ஸ் இதனை ஆக்கி, 1846-இல் காப்புரிமை பெற்றார். பின்னர், அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த 'ஜாஸ்' இசையில் இக்கருவி சிறந்ததோர் இடம் பெற்றது.

ஆடர்லி 1928-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் புளோரிடா மாநிலத்து டாம்பா நகரில் பிறந்தார். ஜூலியன் எட்வின் என்பது இயற்பெயர். அவர் உண்ணும் அளவைக் கண்டு வியந்த தோழர்கள், மனிதரைத் தின்போன் எனப் பொருள்படும் 'கானிபல்' என்னும் சொல்லால் அவரை நகையாடினர். அதுவே 'கேனன்பால்' எனத் திரிந்து, பீரங்கிக் குண்டு என்னும் பொருளதாயிற்று!

அவர்தம் பெற்றோர் கல்விப் பணியாற்றியவர்கள். அவரும் 1948 முதல், கறுப்பின மாணவர்க்கெனத் தனியே அமைந்த டில்லார்டு உயர்நிலைப் பள்ளியில் இசை பயிற்றினார். 1955-இல் நியூயார்க்கு நகரை அடைந்தார். ஆங்கு ஓர் அரங்கில், வாராத கலைஞர் ஒருவருக்கு மாற்றாக வாசித்து, ஓரிரவிலேயே புகழெய்தினார்.

பின்பு தம்பி நாட்டுடன் ஐவர் குழு ஒன்றை அமைத்தார். போதிய வருவாயின்மையால் அக்குழு கலைந்தது. அவர் மனந்தளராது மைல்ஸ் டேவிஸின் குழுவிற் சேர்ந்தார். 1959-இல் வெளிவந்த 'கைண்ட் ஆப் புளூ' என்னும் புகழ்மிக்க இசைத்தட்டில் வாசித்தார். அவ்வாண்டே மீண்டும் தம் குழுவை நிறுவினார்.

அக்குழு 'சோல் ஜாஸ்' என்னும் நெறியைப் பரப்பியது. 'சோல்' என்பது உயிரைக் குறிக்கும். கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களிலுள்ள உருக்கமும் கைத்தாளமும் ஜாஸின் நுட்பத்தோடு கலந்தது இந்நெறி. எளிய மக்கள் விரும்பியதால், இது தரம் தாழ்ந்த இசை எனச் சிலர் இகழ்ந்தனர். எளிமை வேறு, தாழ்வு வேறு என்பதை ஆடர்லி வாசித்தே காட்டினார். மைல்ஸ் டேவிஸோடு அரிய நுட்பங்களை வாசித்த அவர்க்கு எளிமை இயலாமையன்று; விரும்பி மேற்கொண்ட நெறியே.

மேடையிலும் அவர் ஆசிரியராகவே விளங்கினார். பாட்டின் இயல்பையும் அதனை இயற்றியவர் பெயரையும் நகைச்சுவையோடு அவையோர்க்கு உரைத்த பின்னரே வாசிப்பார். 1961-இல் சிறுவர்க்கு ஜாஸ் இசையை அறிமுகம் செய்யும் இசைத்தட்டு ஒன்றிற்கும் அவரே விளக்கவுரை நல்கினார்.

1966-இல் அவர் குழு 'மெர்சி, மெர்சி, மெர்சி' என்னும் பாட்டைப் பதிவு செய்தது. அதனை இயற்றியவர், அக்குழுவில் பியானோ வாசித்த, வியன்னா நகரில் பிறந்த ஜோ சாவினுல். மறு ஆண்டு அப்பாட்டு அமெரிக்க மக்கள் விரும்பிய பாடல்களின் வரிசையில் 11-ஆம் இடத்தை எட்டியது. கிராமி விருதும் பெற்றது. பாடற்சொற்கள் இல்லாத ஜாஸ் இசைக்கு இஃது அரிய பேறாகும்.

1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள், பக்கவாத நோயால் ஆடர்லி தம் 46-ஆம் வயதில் மறைந்தார். கேட்போரைத் தமக்குத் தாழ்ந்தவராகக் கருதாது, தம் கலைக்கு உரியவராக மதித்தார் அவர். கற்றவர் ஒவ்வொருவரும் மேற்கொள்ளத்தக்க பண்பு இதுவேயாகும்.