நெற்பயிரும் சிலிகாச் சத்தும்

நெல் வயலிற் களை பறித்தவர் யாவரும் அதன் இலையோரம் கையைக் கீறுவதை அறிவர். அறுவடையில் அரிவாள் விரைவில் மழுங்குவதும் அநுபவத்திற் கண்டதே. இரண்டிற்கும் காரணம் ஒன்றுதான். நெல்லானது மணலின் முக்கியப் பகுதியாகிய சிலிகாவை நிலத்திலிருந்து மிகுதியாய் உறிஞ்சித் தன் இலை, தண்டு, உமி ஆகியவற்றின் மேற்றோலிற் படிய வைத்துக்கொள்ளுகிறது. பயறு வகைகளும் பருத்தியும் இவ்வளவு எடுப்பதில்லை.

வயலெங்கும் மணலாயிருக்க, நெல்லுக்கு இச்சத்து எங்ஙனம் குறையக்கூடும் என்று சிலர் வினவலாம். மணற்பரல் நீரில் எளிதிற் கரைவதன்று. கரைந்து நிற்கும் சிலிகாவை மாத்திரமே வேர் உண்ணும். ஆகையால் மணற்பாங்கான வயல்களிலும், நெடுங்காலம் மழையால் அரிக்கப்பட்ட செம்பொறை நிலங்களிலும், மணல் நிரம்பியிருந்தும் பயிருக்குச் சத்து கிட்டுவதில்லை.

குலை நோய் கண்ட நெல்லிலைகளில் நல்ல இலைகளைவிடச் சிலிகா குறைந்திருப்பதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஒருவர் 1917-ம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். அந்நாட்டில் 1955-ம் ஆண்டு முதல் இரும்பு உருக்கும் ஆலைகளின் கசடு சிலிகா உரமாக அங்கீகரிக்கப்பட்டது. சிலிகா படிந்த மேற்றோலைக் குலை நோய்க் காளான் எளிதில் துளைக்க இயலாது. பயிரின் சொந்த எதிர்ப்புச் சக்தியும் அதனால் தூண்டப்படுகிறதென்று பின்னர் அறியப்பட்டது. இலைகள் விறைத்து நிற்பதால் கீழிலைகளுக்கும் வெயில் கிடைக்கிறது.

தழைச்சத்தை அளவுக்கு மிஞ்சி இடுகிறவர்கள் இதைச் சிறப்பாய்க் கவனிக்கவேண்டும். யூரியா மிகுந்த பயிர் கரும்பச்சையாய்ச் செழித்து, இலை தளர்ந்து, குலை நோய்க்கு இடங்கொடுத்து, கதிர் முற்றுங்கால் சாய்ந்துவிடும். சிலிகா அதனை ஓரளவு தாங்கும். மிகையான யூரியாவிற்கு அது பரிகாரமென்று எண்ணலாகாது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஹெக்டேருக்கு 6 டன் நெல் விளையும் பயிர் சுமார் 480 கிலோ சிலிகனை நிலத்திலிருந்து எடுக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேயே தங்குகிறது. அந்த 6 டன் நெல்லை அரைத்தால் வருவது ஏறக்குறைய 1,200 கிலோ உமி. அதை எரித்தால் 240 கிலோ சாம்பல். சாம்பலில் 200 கிலோவுக்குக் குறையாமல் சிலிகா உண்டு. எனினும் சிலிகாவின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவே சிலிகனாகையால், திரும்புவது சுமார் 100 கிலோதான். உமிச் சாம்பலை இட்டுவிட்டோம், போதும் என்றிருப்போர் வைக்கோலை விற்ற பணத்தோடு நிலத்தின் சத்தையும் விற்றவராவர். வைக்கோல் விலை பேசும்போது இது ஒருவர் நினைவிலும் வருவதில்லை.

அதற்காக மாடுகளைப் பட்டினி போடவேண்டுவதில்லை. மாடு தின்னும் வைக்கோலின் சிலிகா பெரும்பாலும் செரியாமற் சாணத்தில் வந்துவிடுகிறது. அச்சாணம் வறட்டியாகாமல் எருக்குழிக்குச் சென்று, அங்கிருந்து அதே வயலுக்குத் திரும்பினாற் போதும். மிஞ்சிய வைக்கோலையும் தாளையும் நடவிற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே சேற்றில் மடக்கி உழுதல் நலம். நடவை ஒட்டி மடக்கினால் மட்கும்போது தழைச்சத்தைத் தற்காலிகமாய் இழுத்துக்கொள்ளும். நாற்று வெளுத்து நிற்கும். வயலிலேயே கொளுத்தினால் சிலிகா சாம்பலில் நிற்குமாயினும் தழைச்சத்து புகையாய்ப் போய்விடும்.

கிடைக்கும் உமிச் சாம்பலை நாற்றங்காலுக்கு இடுவது நல்ல உபயோகம். இடம் சிறிது, ஆதலால் கொஞ்சச் சாம்பலும் பயன்தரும். மிதமான சூட்டில் எரிந்த கருஞ்சாம்பலே தக்கது. கடுஞ்சூட்டில் வெந்து வெளுத்த சாம்பல் மெதுவாகவே கரையும். அரிசி ஆலைச் சாம்பலின் தூசி நுரையீரலுக்குக் கேடு செய்வதாகையால், நீர் தெளித்து ஈரமாக்கிய பின்னரே அள்ளவும். வாயையும் மூக்கையும் துணியாற் கட்டிக்கொள்ளவும்.

கடையில் விற்கும் சிலிகேட் உரங்களை வாங்குமுன், அறுவடையானபின் சிறிது வைக்கோலை ஆய்வுக்கூடத்திற் பரிசோதிப்பது உசிதம். அதில் சிலிகன் நூற்றுக்கு 5 பங்குக்குக் குறைந்திருந்தால் பற்றாக்குறை உண்டென்று கொள்ளலாம். அத்தகைய நிலத்திற்குக் கால்சியம் சிலிகேட் ஹெக்டேருக்கு 120 முதல் 200 கிலோ வரை இடலாம்.