அதக்கிய கன்னம்

நரிக்குடிப் பக்கம் கண்மாய்க்குள் நூறு நாள் வேலை நடக்கிறபோது, உச்சிவெயில் வருவதற்கு முன்பே சுருக்குப்பைகள் அவிழும். வெற்றிலையைத் துடைத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கோடு ஒரு இணுக்குப் போயிலையும் வைத்து மடித்துக் கடைவாயில் அதக்கிக்கொண்டால் பசி கொஞ்ச நேரம் தெரியாது. கரிமூட்டம் போடுகிறவர்கள், மிளகாய்க் காட்டில் களையெடுக்கிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் என்று திருச்சுழி, அருப்புக்கோட்டை வரை இந்த மானாவாரிச் சீமையில் பலருக்கு இது பழகிப்போன ஒன்று. விடச் சொல்லிப் பாருங்கள். "நான் என்ன பீடியா குடிக்கிறேன்?" என்று அப்பத்தா திருப்பிக் கேட்பார். நெஞ்சுக்குள் புகை போகாததால் கெடுதல் இல்லை என்று மனதார நம்புகிறார்.

பசி தெரியாமல் போவது உண்மைதான். புகையிலையில் இருக்கும் நிக்கோட்டின் மூளைக்குப் போய்ப் பசியுணர்வை மட்டுப்படுத்துகிறது, களைப்பையும் மறைக்கிறது. வயிறு காலியாகவே இருக்கிறது. அந்த நிக்கோட்டினை ரத்தத்துக்குள் ஏற்றிவிடுவதில் சுண்ணாம்புக்குப் பெரிய பங்கு உண்டு. சாதாரண எச்சிலில் நிக்கோட்டினின் பெரும்பகுதி மின்னேற்றம் பெற்ற நிலையில் கிடக்கும். அந்த நிலையில் கன்னத்தின் உட்புறச் சவ்வைக் கடப்பது அதற்குக் கடினம். சுண்ணாம்பு கலந்து காரத்தன்மை கூடியதும் மின்னேற்றம் நீங்கி, சவ்வைத் தாண்டி விறுவிறுவென்று உள்ளே இறங்கிவிடும். தலை லேசாகக் கிறுகிறுப்பது அதனால்தான்.

அதே சுண்ணாம்பு பாக்கையும் மாற்றுகிறது. வாய் சிவக்கும்போது பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் காரத்தில் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. கூடவே, செல்களின் மரபுப்பொருளைச் சிதைக்கவல்ல ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகின்றன. புகையிலையோ தன் பங்குக்கு நைட்ரோசமைன்களைக் கொண்டுவருகிறது. பச்சை இலையில் இவை மிகக் குறைவு. இலையைக் காயப்போட்டு, குவித்து, புளிக்கவைத்து, மாதக்கணக்கில் சேமிக்கும்போதுதான் அதிகமாக உண்டாகின்றன. ஆக, புற்றை உண்டாக்கும் நஞ்சு பதப்படுத்திய இலையிலேயே இருக்கிறது. நெருப்பு வைத்துப் புகைத்தால்தான் ஆபத்து என்பது தவறு.

இந்த நஞ்செல்லாம் எங்கே தங்குகிறது? அதக்கிய இடத்தில். பலர் ஒரே பக்கத்துக் கன்னத்தில்தான், அதுவும் பல ஆண்டுகளாக, வைத்துப் பழகியிருப்பார்கள். சிலர் அதக்கியபடியே தூங்கியும் போவார்கள். ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள அந்தச் சின்னப் பள்ளத்தில்தான் பெரும்பாலும் புற்று தொடங்குகிறது.

தமிழ்நாட்டு மருத்துவத்துக்கு இது நேற்று தெரிந்த செய்தி இல்லை. 1902-லேயே சென்னையில் பணியாற்றிய நிப்லாக் என்ற மருத்துவர், வெற்றிலைப் பழக்கத்தையும் கன்னத்தில் வரும் புற்றையும் சேர்த்து எழுதினார். அப்போது திருவிதாங்கூரில் இருந்த, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நெய்யூர் மருத்துவமனையில் வந்து குவிந்த வாய்ப்புற்று நோயாளிகளைப் பற்றி 'ஓர்' என்ற மருத்துவர் 1933-ல் 'லான்செட்' இதழில் விரிவாக எழுதினார். முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் மருத்துவர் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் தங்களிடம் வந்த நோயாளிகளின் பழக்கங்களை ஆராய்ந்து 1959-ல் கட்டுரை வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-ல் புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் புற்று உண்டாக்கும் பொருளாக அறிவித்தது. 2004-ல் வெளியான அதன் மற்றோர் அறிக்கை புகையிலை சேராத பாக்கையும் அதே பட்டியலில் சேர்த்தது. 'போயிலையை விட்டுவிட்டேன், பாக்கு மட்டும்தான்' என்று சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாக்கு கன்னத்தின் உட்புறத்தை நார்நாராக இறுக்கும். மிளகாய்க் காரம் பட்டாலே வாய் எரியும். பிறகு வாயை முழுதாகத் திறக்க முடியாது. இறுகிய சதை இளகுவது அரிது.

நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த ஒன்று ஏன் நம் கிராமங்களில் இன்னும் ஆட்களைக் கொண்டுபோகிறது? வலிக்காததுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். தொடக்கத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, அல்லது வெல்வெட்டுத் துணிபோல ஒரு சிவந்த திட்டு. இரண்டில் சிவப்புதான் அதிக ஆபத்தானது. பிறகு ஆறாத ஒரு புண். வலியில்லாத புண்ணுக்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு யார் பஸ் ஏறுவார்கள்? கழுத்தில் கட்டி தென்பட்டு, சோறு இறங்காமல் போன பிறகுதான் மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் பயணம். அப்போது தாடையின் ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருக்கும். பேச்சும் சாப்பாடும் பழையபடி இருக்காது.

நுரையீரலுக்குள்ளோ கணையத்துக்குள்ளோ இருக்கும் புற்றைக் காணக் கருவி வேண்டும். வாயைப் பார்க்க ஒரு டார்ச் விளக்கு போதும். இதைக் கேரளம் செய்து காட்டியது. 1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் 35 வயதைக் கடந்தவர்களின் வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றால் நேரும் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை 2005-ல் சங்கரநாராயணன் குழுவினர் வெளியிட்டார்கள். தமிழக அரசும் 2023-ல் ஈரோடு, கன்னியாகுமரி உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் இத்தகைய பரிசோதனையைத் தொடங்கியது. நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கே செவிலியர் டார்ச்சோடு வர வேண்டும். கூலி கெடாமல் பரிசோதனை முடிந்துவிடும்.

அப்பத்தாவை விட எனக்குப் பெரிய கவலை பேரன்தான். வெற்றிலைச் செல்லத்தை அவன் தொடுவதில்லை. உதட்டுக்கு அடியில் சின்னப் பொட்டலமாகப் புகையிலையைச் செருகிக்கொள்கிறான். துப்ப வேண்டாம், வாய் சிவக்காது, வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் வாத்தியாருக்குத் தெரியாது. குட்காவுக்குத் தமிழகத்தில் 2013 முதல் தடை இருக்கிறது. பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் எந்தப் புகையிலையையும் விற்கக் கூடாது என்று 2003-ம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. இருந்தும் 'கூல் லிப்' என்ற இந்தப் பொட்டலம் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவுவதைப் பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2024-ல் கவலையோடு கேள்வி எழுப்ப வேண்டியிருந்தது. பதினைந்து வயதில் பழகுகிறவனின் கன்னம் நாற்பது வயதுக்குள் எத்தனை ஆண்டு நஞ்சைத் தாங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டால் மனம் பதறுகிறது.

வீட்டில் இப்படிப் பழக்கம் உள்ளவர் இருந்தால், வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, வெளிச்சத்தில் இரண்டு கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் ஓரம், நாக்கின் அடி என்று பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளை, சிவந்த திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், வாய்க்குள் மூன்று விரல் நுழையாத இறுக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அரசு மருத்துவமனையின் பல் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். விட நினைப்பவர்களுக்கு 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. முதல் சில நாள் தலைவலியும் எரிச்சலும் வரும். அவை நிக்கோட்டின் இல்லாததால் வருபவை, மெல்லக் குறைந்துவிடும்.

'இத்தனை வருஷம் போட்டாச்சு, இனி விட்டு என்ன ஆகப்போகுது' என்பவர்களுக்கு எர்ணாகுளத்தில் பதில் இருக்கிறது. 1970-களின் கடைசியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அங்கே புகையிலைப் பழக்கம் உள்ள கிராமத்து மக்களிடம் விடச் சொல்லிப் பேசி, ஆண்டுதோறும் அவர்கள் வாயைச் சோதித்துவந்தார்கள். விட்டவர்களுக்குப் புதிதாக வெள்ளைத் திட்டு வருவது நன்றாகக் குறைந்தது. ஏற்கெனவே திட்டு இருந்தவர்களில் பலருக்கு அது மறைந்தும் போனது.