விசை யார் கையில்?

எழுத்தை நடுநிலையான கருவி என்று நினைப்பது பெரிய மொழிக்காரர்களின் சொகுசு. விசையைத் தட்டினால் எழுத்து வருது, இதில் என்ன அரசியல்? எழுத்து வராதவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

கனடாவின் வான்கூவர் தீவில் சானிச் மக்களின் மொழி சென்சாதென். தாய்மொழி பேசினால் தண்டித்த உறைவிடப் பள்ளிகள் அதைப் பிள்ளைகளின் நாக்கிலிருந்து பிடுங்கின. டேவ் எலியட் மீனவர். பின்னாளில் பழங்குடிப் பள்ளியொன்றில் துப்புரவுப் பணியாளர். 1978இல் பழைய தட்டச்சுப் பொறி ஒன்றை வாங்கிவைத்துத் தம் மொழிக்கு எழுத்துவரிசை செய்தார். ஆங்கிலத்தில் இல்லாத ஒலியா? இருக்கிற எழுத்தின் மேலேயே ஒரு சாய்கோட்டை அடித்தால் தீர்ந்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1984இல் சானிச் பள்ளி வாரியம் அதை ஏற்றது.

கணினியில் கதை வேறு. அங்கே எண் இருந்தால்தான் எழுத்து. இல்லையென்றால் வெறும் படம். சாய்கோடு விழுந்த ஏ, டி போன்றவற்றுக்கு யூனிகோடில் இடம் கிடைத்தது 2005இல். தனிமனிதர் ஒருவர் அடித்துக் காட்டியதற்குத் தரநிர்ணயம் 27 வருஷம் கழித்துத் தலையசைத்தது.

எண் மட்டும் போதுமா, விசை வேண்டாமா? சரளமாகப் பேசுவோர் ஒரு கைப்பிடிதான் என்னும்போது எந்தக் கம்பெனி இதில் காசு போடும்?

இங்கேதான் கட்டற்ற மென்பொருள் வருகிறது. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இலவசமாகக் கொடுப்பவன் நாளைக்கே நிறுத்திவிடலாம். மூலநிரல் கையிலிருந்தால் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். நம் இ-கலப்பையின் ஆரம்பப் பதிப்புகளை இயக்கிய கீமேன் அன்று தனியுடைமை. 2015இல் எஸ்ஐஎல் அமைப்பின் கைக்குப் போன பிறகு அதன் மூலநிரல் திறக்கப்பட்டது. அதில் விசைப்பலகை என்பது ஓர் உரைக்கோப்பு: இந்த விசைக்குப் பின் அது வந்தால் இந்த எழுத்து. மொழி தெரிந்தவர் கற்றுக்கொண்டு எழுதிவிடலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபர்ஸ்ட்வாய்சஸ் திட்டம் இதைக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட பழங்குடி மொழிகளைக் கைபேசிக்குக் கொண்டுவந்தது.

ஒரு நெருடல். எஸ்ஐஎல் பைபிள் மொழிபெயர்ப்போடு வளர்ந்த கிறித்தவ அமைப்பு. உறைவிடப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை நடத்தியவையும் திருச்சபைகளே. அப்படியானால் இந்தக் கருவியைத் தொடலாமா? தொடலாம். கொடுத்தவருக்கு விசுவாசமாக இருக்கணும் என்ற நிபந்தனை அந்த உரிமத்தில் இல்லை.

ஆனால் நிரல் திறந்திருப்பதால் மொழியும் திறந்து கிடக்க வேண்டுமா? எந்தச் சொல், எந்தப் பாட்டு ஊருக்கு, எது தங்களுக்குள் என்பதை ஃபர்ஸ்ட்வாய்சஸில் அந்தந்தச் சமூகமே தீர்மானிக்கிறது. நிலம் பறிபோனவர்களிடம் 'தகவல் எல்லாருக்கும் சொந்தம்' என்று உபதேசிப்பது பழைய பறிப்பின் புதிய பேச்சு. கருவி பொது, மொழி அவர்களுடையது.

விசைப்பலகை மொழியைப் பிழைக்க வைக்காது. பேசும் பிள்ளைகள்தான் வைப்பார்கள். அந்தப் பிள்ளை தன் ஊர்ப்பெயரை அடிக்கும்போது எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டம் வரக் கூடாது. கேட்பது அவ்வளவுதான்.