வாசலில் நிற்கும் குழாய்

எங்கள் தெருவில் பாதாள சாக்கடைக் குழாய் பதித்து, மேன்ஹோலுக்கு மூடி போட்டு, மேலே தாரும் ஊற்றிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் எங்கள் வீட்டுக் கழிவு பழைய செப்டிக் டேங்குக்கேதான் போய்க்கொண்டிருந்தது. வாசலிலிருந்து குழாய் பத்தடி தூரம். "டேங்க் நன்றாகத்தானே இருக்கிறது, இப்போது எதற்கு வீண்செலவு?" என்று தள்ளிப்போட்டோம். தெருவில் பாதி வீடுகளிலும் இதே பேச்சுதான்.

2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது உள்ளே வந்த புறநகர்களில் எங்களுடையதும் ஒன்று. செப்டிக் டேங்கை நம்பிக் கட்டிய வீடுகள். போர்வெல்லும் அதே மனையில்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு கார் நிறுத்தலாம், அவ்வளவுதான் இடைவெளி.

நிரம்பாத டேங்க்

"பதினைந்து வருடமாகிறது, எங்கள் டேங்க் ஒருமுறைகூட நிரம்பியதில்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அது கவலைப்பட வேண்டிய செய்தி. நிரம்பவில்லை என்றால் உள்ளே போனது எங்கேயோ போயிருக்க வேண்டும். "அடியில் தளம் போடாமல் விட்டால் சீக்கிரம் ரொம்பாது சார்" என்று கொத்தனாரே யோசனை சொல்லிக் கட்டிய டேங்குகள் ஏராளம். கழிவு நேராக மண்ணுக்குள் இறங்கி, நாம் தண்ணீர் எடுக்கும் அதே நிலத்தடி நீரில் கலக்கிறது.

ஒழுங்காகக் கட்டிய டேங்கும் கழிவைச் சுத்தம் செய்துவிடுவதில்லை. கனமானது கசடாக அடியில் படியும், எண்ணெய்ப் பசை ஆடையாக மேலே மிதக்கும், நடுவிலுள்ள நீர் உறிஞ்சுகுழிக்குப் போகும். அந்த நீரில் டைபாய்டு, சீதபேதி, மஞ்சள் காமாலைக் கிருமிகள் உயிரோடுதான் இருக்கும். அவற்றை வடிகட்டுவது மண். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் உறிஞ்சுகுழி மட்டத்துக்கே ஏறிவிட்டால் வடிகட்ட நடுவில் மண்ணே இருக்காது.

1854-இல் லண்டன் பிராட் தெருவில் பரவிய காலராவில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தெருவிலிருந்த கிணற்று அடிபம்புத் தண்ணீரிலிருந்துதான் நோய் வருகிறது என்று டாக்டர் ஜான் ஸ்னோ கண்டுபிடித்துச் சொன்னார். பிறகு தோண்டிப் பார்த்தபோது, அந்தக் கிணற்றிலிருந்து சில அடி தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி. அதன் செங்கல் சுவர் இற்றுப்போயிருந்தது. அந்த வீட்டில் பேதியால் இறந்த ஒரு கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீர் அந்தக் குழியில்தான் கொட்டப்பட்டிருந்தது.

மஞ்சள் காமாலையில் ஹெபடைடிஸ் ஈ என்ற வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கழிவு கலந்த தண்ணீரால் பரவுவது அது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில், உயிரையே பறிக்கக்கூடியது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறதே என்று பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மூடியைத் திறந்த நாள்

ஒன்றரை வருடம் கழித்து ஒருவழியாகத் தெருக் குழாயோடு இணைப்பு எடுக்க முடிவு செய்தோம். அதற்காக டேங்கைக் காலி செய்ய லாரி வந்தது. கடப்பாரையால் சிமெண்ட் பலகையை நெம்பியதும் புகை மாதிரி எழும்பின கொசுக்கள். சுவர் கறுப்பாகத் தெரிந்தது, அத்தனையும் கரப்பான். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கு இப்படித் தேங்கிய அழுக்கு நீர்தான் பிடித்த இடம். மேலே அண்ணாந்து பார்த்தேன். காற்றுப்போக்கிக் குழாயின் தலையில் கட்டியிருந்த வலை என்றைக்கோ கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கொசு போகவும் வரவும் அதுதான் வழி.

நான் குனிந்து எட்டிப் பார்க்கப் போனபோது லாரிக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். "தள்ளி நில்லுங்க சார், கேஸ் அடிக்கும்." உள்ளே இருப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அடுத்த சில மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். தூக்க இறங்கியவரும் விழுவார். இப்படித்தான் ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சாகிறார்கள்.

பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வீட்டுக்காரரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. ஆளை இறக்காமல் லாரி வைத்து எடுக்க 14420 என்ற எண்ணை அழைக்கலாம்.

இணைப்பு கொடுக்கும்போது

சென்னையில் குடிநீர் வாரியத்திலும், மற்ற ஊர்களில் மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நான்கு அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடி சரிவு வேண்டும். சரிவு குறைந்தால் கசடு தங்கி அடைக்கும்.

கழிவறைக் குழாயை செப்டிக் டேங்கைத் தவிர்த்து நேராகத் தெரு இணைப்போடு சேர்க்க வேண்டும். டேங்க் வழியாகவே விட்டுவிட்டால் கொசுவும் கசிவும் அப்படியேதான் இருக்கும். பழைய டேங்கை வெறுமனே மூடிவிட்டுப் போகவும் கூடாது. பலகை இற்று, மேலே நடக்கும் குழந்தை உள்ளே விழுந்த சம்பவங்கள் உண்டு. எங்கள் டேங்கைக் காலி செய்து, அடித்தளத்தை உடைத்து, மணல் கொட்டி நிரப்பினோம்.

மொட்டைமாடி மழைநீரை மட்டும் சாக்கடைக் குழாயில் விட்டுவிடாதீர்கள். அத்தனை நீரைத் தாங்கும் அளவில் அதைப் பதிக்கவில்லை. தெருவில் யார் வீடு தாழ்வோ அவர் வீட்டுக் கழிவறை வழியாகப் பொங்கும். அதேபோல் கழிவை மழைநீர் வடிகாலில் விடுவது தெருவுக்கே செய்யும் கேடு. பாதாள சாக்கடையில் போனால் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற இடங்களில் சுத்திகரிக்கப்படும். வடிகாலில் போனால் கூவமும் அடையாறும்தான்.

துளைக்குள் நிற்கும் தண்ணீர்

குளியலறைத் தரையில் துளைக்கு அடியே பிளம்பர்கள் நஹானி ட்ராப் என்று சொல்லும் கிண்ணம் ஒன்று இருக்கும். அதில் எப்போதும் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள கதவு. 2003-இல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் தொற்றியது. பல வீடுகளில் அந்தத் தண்ணீர் வற்றிப்போய், கழிவுக் குழாய்க் காற்று குளியலறைக்குள் ஏறி வந்ததை விசாரணையில் முக்கியக் காரணமாகக் கண்டார்கள்.

எங்கள் மாடியில் மகன் வந்தால் மட்டும் திறக்கும் குளியலறை ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது அங்கேயும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறோம்.

குழாய் வராத தெருவில்

பக்கத்துத் தெருவுக்குக் குழாய் இன்னும் வரவில்லை. அங்கே இருப்பவர்களிடம் நான் சொல்வது: இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை டேங்கைக் காலி செய்யுங்கள், நிரம்பாவிட்டாலும். காற்றுப்போக்கியின் தலையில் நைலான் வலை கட்டுங்கள். மழைக்கு முன் ஏறிப் பார்த்துக் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். போர்வெல் தண்ணீரைக் குடிக்கிற வீடாக இருந்தால் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆற்றிக் குடியுங்கள். வெதுவெதுப்பாகச் சுட்டால் போதாது.