வரமும் எச்சமும்

கதை கேட்டலும், கேட்ட கதையைக் குறித்து வினாவுதலும் மக்கட்கு இயல்பாய் அமைந்தவை. முன்னாளில் கூத்துக் களத்திலும் கோயில் மண்டபத்திலும் கேட்ட கதைகளை இந்நாளில் தொலைக்காட்சித் தொடர்களிற் காண்கின்றோம். அவற்றுள்ளும், தெய்வமும் பேயும் பூதமும் வரமும் சாபமும் விரவிய தொடர்களைக் காண்போர் கதை முடிந்த பின்னரும் அமைதியுறுவதில்லை. “இவன் பெற்ற வரம் என்னாயிற்று? அவள் இட்ட சாபம் யாரைச் சார்ந்தது?” எனத் தம்முள் வினாவி, தாமே விடை புனைந்து வழக்காடுவர். இது வேலையற்றோர் விளையாட்டு எனச் சிலர் இகழ்வர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது, மலையூர் மூதாட்டி ஒருவர் எழுப்பிய ஒரு வினாவாகும்.

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின்மேல், நெல்லிவாசல்நாடு என்னும் மலைநாடு உளது. அங்கு வாழ்வோருட் பெரும்பாலார் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். பெயர் அவ்வாறாயினும் அவர்தம் தாய்மொழி தமிழே. நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் பொருட்டு யாம் அங்குத் தங்கியிருந்தபோது, ஒரு மாலை, ஒரு வீட்டாருடன் அமர்ந்து தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் இறுதிப் பகுதியைக் கண்டோம். தீயோன் அழிந்தான், தெய்வம் காட்சி தந்தது, பிரிந்தோர் கூடினர். வீட்டார் எழுந்தனர். மூதாட்டி மட்டும் எழவில்லை.

“ஏன் கண்ணு, புள்ள பொழச்சா நடந்தே வந்து பொங்கல் வெக்கறேன்னு அந்தப் பொண்ணு வேண்டிக்கிச்சே, வெச்சிச்சா, இல்லியா?” என்று எம்மைக் கேட்டார்.

கதையின் தொடக்கத்தில், நஞ்சுண்ட குழந்தையின் பொருட்டுத் தாய் நேர்ந்துகொண்ட வேண்டுதல் அது. குழந்தை பிழைத்தது, கதையோ வேறு வழிச் சென்று அதனை மறந்தது. “அது கதைதானே, ஆயா” என்று எம்முள் ஒருவன் நகைத்தான். “கதையா இருந்தா என்ன கண்ணு? சாமிகிட்டச் சொன்ன சொல்லு சொல்லுதானே?” என்றார் அவர். விடை கூற அறியாது யாம் வாளா இருந்தோம். அன்று கூறாத விடையை ஈண்டு ஆராய்வாம்.

வேண்டுதல் என்பது ஒரு சொற்கடன். மலைமக்கள் வேண்டுதல் என்பதனை நம் தமிழ் வேதாகமம் பொருத்தனை என்று கூறும். நியாயாதிபதிகள் ஆகமத்தில், வெற்றிபெற்று மீளுங்கால் தன் வீட்டு வாயிலினின்று எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவதாக யெப்தா பொருத்தனை பண்ணினான். எதிர்கொண்டு வந்தவளோ அவனுடைய ஒரே மகள். அவள் உயிர்ப்பலியானாளா, அன்றிக் கன்னியாகவே இறைவனுக்கு ஒப்படைக்கப்பட்டாளா என்று உரைகாரர் இன்றளவும் வழக்காடுகின்றனர். வரமும் அத்தகையதே. சம்பரனோடு நிகழ்ந்த போரில் தயரதன் கைகேயிக்கு ஈந்த இரு வரங்கள் நெடுநாள் கேட்கப்படாது கிடந்து, முடிசூட்டு நாளுக்கு முன்னைய இரவில் எழுந்து நின்றன. ஆகவே வரக்கதைக்கு உறுப்புகள் மூன்று: கேட்டல், பெறுதல், விலை கொடுத்தல். முன்னைய இரண்டனையும் காட்டி மூன்றாவதனை மறந்த கதை, கடன் பெற்று ஊரைவிட்டு அகன்றவனை ஒக்கும். மூதாட்டியார் கேட்டது கதையின் சுவையைப் பற்றியதன்று. அதன் நேர்மையைப் பற்றியது.

அங்ஙனமாயின், கதையிற் சொல்லாது விட்டன எல்லாம் குற்றமோ எனின், அன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறலையும், சென்று தேய்ந்து இறுதலையும் எண்ணினார். அவரே முப்பத்திரண்டு உத்திகளுள் உய்த்துணர வைப்பையும் வைத்தார். முன்னையவை சொல்ல வேண்டியதைச் சொல்லாமையும், தொடங்கிய பொருள் போகப்போக மெலிந்து முடிதலும் ஆம். பின்னையது, கற்பார் தாமே உணருமாறு கருவிகளைத் தந்து விடுதலாம். இரண்டிலும் எச்சம் உண்டு. ஒன்றில் அதனை நிரப்பும் வழி உண்டு, மற்றொன்றில் அவ்வழி இல்லை என்பதே வேற்றுமை.

இதனை விளக்க ஓர் ஆங்கிலச் சிறுகதை போதும். டபிள்யூ. டபிள்யூ. ஜேகப்ஸ் என்பார் 1902ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘குரங்கின் பாதம்’ என்னும் கதையில், மூன்று வரம் தரவல்ல உலர்ந்த குரங்குப் பாதம் ஒன்று முதியோர் இருவரிடம் வந்து சேர்கின்றது. முதல் வரமாக 200 பவுன் கேட்கின்றனர்; அவர்தம் மகன் ஆலைப்பொறியிற் சிக்கி மாண்டதற்கு ஈடாக அத்தொகை வருகின்றது. மகன் மீள வேண்டுமென்பது இரண்டாம் வரம். நள்ளிரவில் கதவு தட்டப்படுகின்றது. தாய் தாழ் நீக்குமுன் தந்தை மூன்றாம் வரத்தைக் கேட்கின்றார். கதவு திறந்தால் தெரு வெறிதாய்க் கிடக்கின்றது. மூன்றாம் வரம் யாதென ஆசிரியர் கூறவில்லை. ஆயினும் அதனை அறியாத வாசகர் இலர். இஃது உய்த்துணர வைப்பு.

தமிழ்த் தொடர்களுள் இதற்கு எடுத்துக்காட்டாவது ‘மர்மதேச’ வரிசையில் வந்த ‘விடாது கருப்பு’ ஆகும். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, சன் தொலைக்காட்சியில் 1997ஆம் ஆண்டு முதல் ஒளிபரப்பான அத்தொடரில், ஒரு சிற்றூரில் தவறு செய்வோரைக் குதிரையேறி வரும் கருப்புசாமி தண்டிப்பதாக ஊரார் அஞ்சுகின்றனர். ஆளுமை பிளவுண்ட ஒருவனே தன்னைக் கருப்பென உணர்ந்து அவற்றைச் செய்தான் என மனநோய் மருத்துவம் காட்டுகின்றது. ‘யார்’ என்னும் முடிச்சு அவிழ்ந்தது. ஆயினும், நீதி வேண்டிக் கருப்பினிடம் முறையிட்டோர் குரல் நோயாளி ஒருவனிடம் மட்டுமே சென்று சேர்ந்ததா, அன்றி அவன் வழியாகக் கேட்டவர் வேறொருவர் உளரா என்னும் வினா நிற்கின்றது. இருபுறத்தார்க்கும் கதையிலேயே சான்று கிடைத்தலின், ஆண்டுகள் பல சென்றும் அவ்வழக்கு ஓயவில்லை. ஆசிரியர் 2024ஆம் ஆண்டில் மறைந்தார், வினா மறையவில்லை.

இனி, தொடர்களில் குன்றக் கூறல் நிகழும் காரணத்தையும் நடுநின்று கூறல் வேண்டும். நாடோறும் ஒளிபரப்பாகும் தொடரின் கதை முழுவதும் முன்னரே எழுதி முடிக்கப்படுவதில்லை. எழுத்தும் படப்பிடிப்பும் ஒளிபரப்பும் உடனுடன் நடைபெறும். காண்போர் அளவு உயர்ந்தால் கதை நீளும். தாழ்ந்தால் விரைந்து முடியும். நடிகர் விலகின் அப்பாத்திரம் வெளியூர் சென்றுவிடும். 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் படப்பிடிப்பு நின்றபோது, சில தொடர்கள் முடிவே இன்றி நின்றுபோயின. எனவே மறக்கப்பட்ட வேண்டுதல் எல்லாம் எழுத்தாளர் ஒருவரின் சோம்பலால் வந்தது என்றல் முறையன்று.

கதை விட்ட இடத்தைக் காண்போர் நிரப்பலும் புதுவது அன்று. இராமன்பால் கூனி கொண்ட பகைமைக்கு, இளமையில் அவன் வில்லுண்டையால் தன்னை அடித்ததை அவள் மறவாதிருந்தமையைக் கம்பர் காரணமாக்கினார். சாபம் நீங்கிய அகலிகை அதன்பின் எவ்வாறு வாழ்ந்தாள் என்று வினாவிய புதுமைப்பித்தன், 1943ஆம் ஆண்டில் ‘சாப விமோசனம்’ எழுதினார். அதில், இராமன் சீதையைத் தீப்புகச் செய்தான் எனக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகின்றாள். இவ்விருவரும் பழங்கதையில் நின்ற எச்சத்தைக் கண்டு கேட்டவர்களே. இவர்பால் யாம் கற்பன இரண்டு: நிரப்புவது கதையில் முன்னரே உள்ளதோடு பொருந்தல் வேண்டும்; பாத்திரத்தின் இயல்பு பிறழாதிருத்தல் வேண்டும். இவற்றைக் கைவிட்ட ஊகம் வெறும் ஆசையாய் முடியும்.

சில எச்சங்களை நிரப்பாது விடுதலே சிறப்பு. லூக்கா சுவிசேஷத்தில் கெட்ட குமாரன் உவமையை நோக்குக. இளையவன் மீண்டான், விருந்து நடக்கின்றது. மூத்தவனோ சினந்து புறத்தே நிற்கின்றான். தகப்பன் வெளியே வந்து வருந்தியழைக்கின்றான். அவன் உள்ளே சென்றானா? ஆண்டவர் கூறவில்லை. அவ்விடையைக் கேட்போர் ஒவ்வொருவரும் தம் நடையாற் கூற வேண்டுமென்றே அதனை விடுத்தார் போலும்.

மூதாட்டியாரின் வினாவும் அவ்வாறே எம்மை நோக்கித் திரும்பிற்று. முகாம் முடிந்து இறங்கும் நாளில், அவ்வூர்ச் சிறார் படித்தற்குக் கதைநூல்கள் வேண்டுமென்றனர். தைப்பொங்கலுக்குள் கொணர்வதாகச் சொல் தந்தோம். பொங்கல் சென்றது, தேர்வும் வந்தது. நூல்கள் இன்னும் விடுதி அறையில் கட்டுக்கட்டாய்க் கிடக்கின்றன. தொடரெழுதுவோரைப் பழிப்பதற்கு எமக்கு என்ன உரிமை?

ஆகவே, “அந்த வரம் என்னாயிற்று?” என்று வினாவுவோரை இனி இகழோம். சொன்ன சொல்லைக் கதை மறந்தபோதும், கேட்டவர் மறவாதிருத்தல் நற்பண்பேயாம். விடுமுறையின் முதல் வாரத்தில் நூல்களோடு மலையேறத் துணிந்துள்ளோம். உடன் வர விரும்பும் நண்பர் வருக, சுமை பெரிது.